இன்யோ வனத்தில் டெண்ட் போட எந்த கேம்ப்கிரவுண்ட்?

பிப்ரவரி 3, 2024 (கேள்வி)

ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று இரவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், பிள்ளைகள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி நேஷனல் பார்க்குக்குள் இடம் பிடிக்கும் அடிதடியில் இறங்க மனமில்லை. தியோகா கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்யோ நேஷனல் ஃபாரஸ்டில் கேம்ப்கிரவுண்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான். ஏரி தெரிகிற மாதிரி ஒன்று, ரேட்டிங் நாலரைக்கு மேல், எடுத்துவிட வேண்டியதுதான். இதில் ஆராய என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

ஆராய நிறைய இருக்கிறது. முதலில் அந்த ரேட்டிங்கை மூடி வையுங்கள். நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப் பேர் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிக்குள் ஹீட்டர் ஓடவிட்டுத் தூங்கியவர்கள். அவர்களுக்குப் பிடித்த இடம் தரையில் படுக்கப்போகிற உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் பார்க்கிற முதல் விஷயம் உயரம். ஏரி, மரம், படம் எல்லாம் அப்புறம். இன்யோவில் ஒரே சாலையைப் பிடித்து அரை மணி நேரம் ஏறினால் மூவாயிரம் அடி வித்தியாசம் வந்துவிடும். லீ வைனிங் ஊர் ஏறக்குறைய 6,800 அடி. ஜூன் லேக் பக்கம் 7,600. மாமத் ஊருக்கு மேலே லேக் மேரி 8,900 சொச்சம். தியோகா லேக் 9,700. சேடில்பேக் லேக் பத்தாயிரத்தைத் தாண்டும்.

அடிக்கணக்கு மண்டையில் ஏறவில்லை என்றால் நம் ஊர் அளவில் போடுகிறேன். ஊட்டி 7,350 அடி, தொட்டபெட்டா உச்சி 8,650. ஜூன் லேக்கில் படுப்பது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே படுப்பது. தியோகா லேக்கில் படுப்பது தொட்டபெட்டா உச்சிக்கும் ஆயிரம் அடி மேலே, அதுவும் துணிச்சுவருக்குள். ஆயிரம் அடிக்கு மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குளிர் கூடும். ஆகஸ்டிலும் பத்தாயிரம் அடியில் விடியற்காலை தண்ணீர் பாட்டிலில் மெல்லிய பனித்தகடு மிதந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு என்ன வயது? ரத்த அழுத்தம், மூச்சு, இதயம் ஏதாவது உண்டா? அதைச் சொல்லாமல் கேம்ப்கிரவுண்ட் பெயர் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4

சரி. அப்பாவுக்கு 68, பி.பி. மாத்திரை. அம்மாவுக்கு முழங்கால். அப்படியென்றால் தியோகா லேக், எல்லரி லேக், சேடில்பேக் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். எட்டாயிரம் அடிக்கு மேல் முதல் ராத்திரியே போய்ப் படுத்தால் இளவட்டங்களுக்கே தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். கடல் மட்டத்து சான் ஹோசேயில் காலையில் காபி குடித்துவிட்டு சாயங்காலம் பத்தாயிரம் அடியில் அப்பாவைப் படுக்க வைக்காதீர்கள். பகலில் கூட்டிக்கொண்டு போய் ஏரியைக் காட்டுங்கள், பஜ்ஜி சாப்பிடுங்கள், இறங்கிவிடுங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் டெண்ட் அடிக்கிறவன், டாக்டர் இல்லை.

பிப்ரவரி 4, மாலை

மிச்சம் இருப்பது ஜூன் லேக் சுற்று. 395 நெடுஞ்சாலையிலிருந்து 158 பிரிந்து நான்கு ஏரிகளைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் 395இல் வந்து சேரும். இங்கே ஏரி தெரிகிறதா என்பதைவிட காற்றும் நிழலும் முக்கியம்.

ஓ ரிட்ஜ்: பலகையில் 'ஓ' போட்டு ஆச்சரியக்குறியும் போட்டிருப்பார்கள். மேட்டில் ஏறியதும் ஏரியும் பின்னால் மலையும் மொத்தமாகத் தெரியும், அதற்காகவாம். ஆனால் மரம் அதிகமில்லாத சேஜ்பிரஷ் புதர்க்காடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மலையிலிருந்து காற்று இறங்கினால் ஆச்சரியக்குறி உங்கள் வாயிலிருந்து வரும். பேப்பர் தட்டில் சாதம் போட்டால் சாதம் இங்கே, தட்டு ஏரியில்.

ஜூன் லேக் கேம்ப்கிரவுண்ட்: சிறியது, தண்ணீரை ஒட்டி, ஊருக்குப் பக்கத்தில். நெருக்கம் அதிகம். பக்கத்து டெண்ட் குறட்டையில் சுருதி பிடிக்கலாம்.

ரிவர்ஸ்டு கிரீக்: இதுதான் என் கட்சி. ஏரி தெரியாது, அதனாலேயே சந்தடி குறைவு. மரநிழல் உண்டு. ஓடையின் கதையும் வேடிக்கையானது. மற்ற ஓடைகளெல்லாம் மலையை விட்டு வெளியே ஓட, இது மலையைப் பார்த்து ஓடுகிறது. பனியாறு வாரிக் குவித்துவிட்டுப் போன மண்மேடு வெளிப்பக்க வாசலை அடைத்துவிட்டதால் ஜூன் லேக் தண்ணீர் உள்ளே திரும்பி, கல் (Gull) லேக் வழியாகப் போய், ரஷ் கிரீக்கோடு சேர்ந்துகொண்டு சுற்றி வெளியேறுகிறது.

சில்வர் லேக்: அழகு. ஆனால் திறந்த வெளி, நிழல் போதாது.

பிப்ரவரி 5

"வனம் என்று பெயர், மரமே இல்லை என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இன்யோவை 1907இல் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்தபோது மரத்தைக் காப்பது முதல் நோக்கம் இல்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்குத் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோகக் கால்வாய் திட்டமிட்டிருந்தார்கள். வழியில் குடியேறிகள் நிலம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் புதர் மண்டிய தரையையும் சேர்த்து வனம் என்று கோடு போட்டார்கள். அரசியல்வாதி கோடு போட்டால் எங்கும் இப்படித்தான்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. நேஷனல் பார்க் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும், நேஷனல் ஃபாரஸ்ட் விவசாயத் துறையின் கீழ். அதனால்தான் இங்கே மாடு மேயும், மரம் வெட்டுவார்கள், வேட்டை உண்டு, நாயைக் கட்டிக்கொண்டு பாதையில் நடக்கலாம். டெண்ட் வாசலில் சாணி கிடந்தால் புகார் எழுத வேண்டாம். வாசல் தெளித்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 6

பதிவு செய்வது பற்றி. ரெக்ரியேஷன்.கவ் என்கிற அரசு முன்பதிவுத் தளத்தில் இந்த வட்டாரத்து கேம்ப்கிரவுண்டுகள் பெரும்பாலும் ஆறு மாதம் முன்னால் திறக்கும், நம் நேரப்படி காலை ஏழு மணிக்கு. ஆகஸ்ட் 9 வேண்டுமென்றால் பிப்ரவரி 9 காலை. யோசெமிட்டி மாதிரி மாதத்துக்கு ஒரு நாள் மொத்தமாகத் திறக்கும் திருவிழா இல்லை. நாளுக்கு நாள் உருண்டுகொண்டே போகும், அதனால் நெரிசல் கொஞ்சம் பரவாயில்லை.

எட்டு டாலர் பதிவுக் கட்டணம் தனி. மாற்றினாலோ ரத்து செய்தாலோ பத்து டாலர். முந்தைய நாளோ அதே நாளோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போச்சு. பார்க்குகளுக்கு வாங்குகிற 80 டாலர் வருடாந்திர பாஸ் கேம்ப்கிரவுண்ட் வாடகையைக் குறைக்காது. 62 வயதானவர்களுக்கான பாஸ் பாதியாகக் குறைக்கும், ஆனால் அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். சுற்றுலா விசாவில் வருகிற அப்பாவைக் காட்டித் தள்ளுபடி கேட்க முடியாது.

ஒன்றை மட்டும் இரண்டு முறை சொல்கிறேன்: கேம்ப்கிரவுண்டைவிட சைட் எண், அதாவது அதற்குள் உங்கள் டெண்டுக்கு ஒதுக்குகிற இடத்தின் எண், முக்கியம். சைட் எண் முக்கியம். ஒரே கேம்ப்கிரவுண்டில் ஒரு சைட் சொர்க்கமாகவும் அடுத்தது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலும் இருக்கும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்கே, குழாய் எங்கே, நுழைவுச் சாலை எங்கே. நுழைவை ஒட்டிய சைட்டில் வருகிற போகிற ஒவ்வொரு காரின் புழுதியும் உங்கள் ரசத்தில். கழிப்பறையை ஒட்டியதில் ராத்திரி முழுக்கக் கதவு படார் படார், வாடை இலவசம். கழிப்பறையிலிருந்து மூன்று நான்கு சைட் தள்ளி, வளையச் சாலையின் வெளிப்புறத்தில், பின்னால் வேறு சைட் இல்லாத எண்ணாகப் பாருங்கள். காற்று கழிப்பறைப் பக்கமிருந்து வருகிறதா என்பதை மட்டும் எந்த வரைபடமும் சொல்லாது.

பிப்ரவரி 9, காலை 7:20

கேள்வி கேட்டவருக்கு ரிவர்ஸ்டு கிரீக்கில் மூன்று இரவும் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லையாம், ஓ ரிட்ஜில் எடுத்துவிட்டாராம். எடுத்தது கழிப்பறைக்கு அடுத்த சைட். நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தானே எடுத்தீர்கள்?

பிப்ரவரி 11

இரண்டு நாள் யோசித்ததில் என் பேச்சைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். மேலே நான் எழுதியதெல்லாம் நடக்கத் தெம்புள்ளவர்கள் கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் வலிக்கிற அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு வேர் தடுக்காமல் நூறு தப்படி நடக்க வேண்டுமென்றால், கதவு படார் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. கழிப்பறைக்கு அடுத்த சைட் இவர்களுக்குச் சரியான சைட்தான்.

ஓ ரிட்ஜில் ஃப்ளஷ் கழிப்பறை வேறு. நேஷனல் ஃபாரஸ்டில் அது ஆடம்பரம். பல கேம்ப்கிரவுண்டுகளில் கான்கிரீட் அறைக்குள் ஆழக் குழி ஒன்றும் மேலே பிளாஸ்டிக் இருக்கையும்தான். தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும், அங்கே போய் விளக்கக் கூடாது. டாலர் கடையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் சொம்பு, வேறுவேறு நிறத்தில். யாருடையது எது என்ற வழக்கு வராது. குழாயில் நிரப்பி டெண்ட் வாசலில் வரிசையாக வைத்துவிட்டால் போகிற வெள்ளைக்காரர்கள் என்ன பூஜையோ என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அது மட்டுமா, ஊர் பக்கம். 7,600 அடிதான். மாமத்தில் மருத்துவமனை இருக்கிறது, கார் எடுத்தால் அரை மணி நேரம். பெரியவர்களோடு போகும்போது இதெல்லாம் ஏரியைவிட அழகு.

காற்றுக்கு மட்டும் தயாராகப் போங்கள். டெண்டோடு கொடுக்கிற கம்பி ஆணி அந்த மணலில் நிற்காது. நீளமான மணல் ஆணி வாங்குங்கள், அல்லது துணிப்பையில் கல் போட்டுக் கட்டுங்கள். நிழலுக்குத் தார்ப்பாய் வேண்டும். ஆனால் மூன்று மணிக்கு அதை அவிழ்த்து மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாய்மரக் கப்பல்தான்.

மார்ச் 2

"காசு எதற்கு, நேஷனல் ஃபாரஸ்டில் எங்கே வேண்டுமானாலும் இலவசமாக டெண்ட் போடலாமே" என்று ஒரு நண்பர் வந்திருக்கிறார். உண்மை, ஆனால் எங்கே வேண்டுமானாலும் இல்லை. கார் போகலாம் என்று ஃபாரஸ்ட் சர்வீஸ் வரைபடத்தில் குறித்த மண் சாலைகளில் மட்டும், ஏற்கனவே டெண்ட் போட்டுப் பழகின தரையில் மட்டும், பெரும்பாலும் 14 நாள் வரை. தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, கரடி திறக்க முடியாதபடி சாப்பாட்டைப் பூட்டி வைக்கிற கரடிப் பெட்டியும் இல்லை. கலிஃபோர்னியாவில் கேஸ் அடுப்பு பற்ற வைக்கக்கூட கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. ஜூன் லேக் பக்கத்திலேயே ஹார்ட்லி ஸ்பிரிங்ஸ். இலவச கேம்ப்கிரவுண்ட், பெரிய ஜெஃப்ரி பைன் மரங்கள். பெயரில் ஊற்று இருக்கிறதே தவிர குடிக்கத் தண்ணீர் கிடையாது. அந்த மரப்பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வெயில் ஏறினதும் வெனிலா வாசனை வரும். என் பையன் முதல் தடவை முகர்ந்துவிட்டு, யாரோ மரத்தில் ஐஸ்கிரீம் தடவியிருக்கிறார்கள் என்று நாக்கை நீட்டிவிட்டான்.

பெரியவர்களோடு அங்கே போக மாட்டேன். நண்பர்களோடு என்றால் முதலில் அங்கேதான் போவேன்.

மார்ச் 3

இல்லை, நாக்கால் தொட்டதும் வெனிலா சுவை வரவில்லை. கேட்டவருக்குப் பதில்.

ஏப்ரல் 28

நேற்று சியரா மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் டிரவுட் மீன் பிடிக்கும் பருவம் திறந்தது, வழக்கம்போல ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. தாழ்வான கேம்ப்கிரவுண்டுகள் பல இந்த நாளை ஒட்டித்தான் கதவு திறக்கும். மேலே இருப்பவை பனி கரைந்து, குழாயைச் சரிபார்த்து, விழுந்த மரத்தை அறுத்து அகற்றிய பிறகு. போன வருடம் 2023இல் பனி மூடிக் கிடந்ததில் தியோகா சாலை ஜூலை 22ஆம் தேதிதான் திறந்தது. அந்த வருடம் ஜூலை நாலுக்கு தியோகா லேக்கில் கேம்ப் என்று திட்டம் போட்டிருந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள்.

அதனால் ஜூனில் போகிறவர்களுக்கு: இணையத்தில் போன வருடம் திறந்த தேதியைப் பார்த்து நம்பாதீர்கள். மலையில் எவ்வளவு பனி என்பதைப் பாருங்கள். பனி கரைந்த அடுத்த சில வாரம் கொசுக்கள் படை திரண்டு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராக் கிரீக் சாலையின் கடைசியில் மலையேற்றம் தொடங்கும் இடத்துக்குப் பெயரே மஸ்கீட்டோ ஃப்ளாட். அதற்கும் மேல் எச்சரிக்கை யாரும் தர மாட்டார்கள்.

ஜூன் 10

யோசெமிட்டிக்குள் புகுந்து வருகிற தியோகா சாலை இன்று திறந்துவிட்டது.

ஆனால் ஆகஸ்ட் 9 காரருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. இந்த 2024ஆம் வருடம் யோசெமிட்டியில் நுழைவதற்கே முன்பதிவு வேண்டும். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை எல்லா நாளும், காலை ஐந்து மணி முதல் மாலை நாலு மணி வரை. நிற்காமல் கடந்து போனாலும் வேண்டும். உங்கள் கேம்ப்கிரவுண்ட் பார்க்குக்கு வெளியே என்பதால் அந்த ரசீது வாசலில் செல்லாது. கைவசம் மூன்று வழி: நுழைவு முன்பதிவு எடுப்பது, விடிகாலை ஐந்துக்கு முன் வாசலைத் தாண்டுவது, அல்லது பார்க்கை விட்டுவிட்டு 108இல் சொனோரா கணவாய் வழியாகப் போவது. மூன்றாவதில் காசும் இல்லை, வரிசையும் இல்லை. வளைவுகள்தான் மோசம். பின்சீட்டில் யார் வாந்தி எடுக்கிற ஜாதி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜூலை 14

சமையல் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

பத்தாயிரம் அடியில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஜூன் லேக்கில் 92 சுமாருக்கு. கொதிப்பதைப் பார்த்துப் பருப்பு வேகிறது என்று நினைக்கக் கூடாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ராத்திரி எட்டு மணிக்கும் கடகடவென்று உருளும். குக்கர் கொண்டுபோங்கள், இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். அந்த விசில் சத்தத்துக்குப் பக்கத்து சைட்காரர் ஒரு தடவை ஓடி வந்தார், ஏதோ வெடிக்கப் போகிறது என்று. சாம்பார் கொடுத்து உட்கார வைத்தோம்.

அடுப்பு: கொரியன் கடையில் விற்கிற தட்டையான பெட்டி அடுப்பு நம் ஆட்களிடம் எல்லாம் இருக்கும், நீளமான கேன் உள்ளே போடுவது. அதில் இருப்பது பியூட்டேன். உறைநிலையை நெருங்கினால் அது வாயுவாக மாறவே மாறாது. காலை ஆறு மணிக்கு, காபி மிகவும் தேவைப்படுகிற நேரத்தில், நீலச் சுடர் ஊசி முனையாகி அணைந்துவிடும். கேனை ராத்திரி தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறவர்களும் உண்டு. அதைவிடப் பச்சை சிலிண்டர் புரொப்பேன் அடுப்பு எடுத்துப் போனால் அந்தத் தொல்லையே இல்லை.

குளிருகிறது என்று டெண்டுக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ கொளுத்த வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இதில் ஜோக் எதுவும் இல்லை.

விறகு வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சி விறகோடு ஊர் மாறும். நெருப்புக் கட்டுப்பாடு வந்தால் கேம்ப்கிரவுண்டின் இரும்பு வளையத்துக்குள் மட்டும், சில நேரம் அதுவும் கூடாது. கிளம்புகிற அன்று காலை வனத்தின் அறிவிப்பைப் பார்ப்பது பழக்கமாக இருக்கட்டும். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் 18 நேஷனல் ஃபாரஸ்டுகளையும் ஒரேயடியாக மூடினார்கள். 2021இல் ஆகஸ்ட் கடைசியில் திரும்பவும்.

ஜூலை 15

கரடிப் பெட்டி. ஒவ்வொரு சைட்டிலும் ஒரு பழுப்பு இரும்புப் பெட்டி, தாழ்ப்பாள் உள்ளே கைவிட்டுத் திறப்பது மாதிரி. இரண்டு பெரிய ஐஸ் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும், நம் மூட்டைக்கு அது போதாது. அளந்து எடுத்துப் போங்கள். வாசனை உள்ள எதுவும் அதற்குள்: பல்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய், குழந்தை டயப்பர், கைப்பையில் மறந்துபோன கடலை மிட்டாய். விபூதி வெளியே இருக்கலாம் என்று நினைக்கிறேன். கரடிக்குப் பக்தி இருந்தால் அது வேறு.

கருவேப்பிலையைப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வையுங்கள்.

ஜூலை 15, இரவு

அரிசி களைந்த தண்ணீரைக் குழாயடியில் கொட்டாதீர்கள், ஏரியிலும் கொட்டாதீர்கள். பாத்திரம் கழுவுவதற்கு ஒரு பெரிய டப் எடுத்துப் போய் உங்கள் சைட்டிலேயே கழுவி, சோற்றுப் பருக்கையை வடிகட்டிக் குப்பையில் போடுங்கள். அழுக்குத் தண்ணீரை எங்கே கொட்டலாம் என்று ஹோஸ்டைக் கேளுங்கள். ஹோஸ்ட் என்றால் நுழைவுப் பக்கம் டிரெய்லரில் தங்கி விறகு விற்கிற பெரியவர். கேம்ப்கிரவுண்டில் அவரைவிட விவரம் தெரிந்தவர் இல்லை. போன உடனே போய் ஒரு வணக்கம் வைத்துவிடுங்கள்.

அவர் தேவைப்படும் இன்னொரு சந்தர்ப்பம்: பெயர் வேண்டாம், ஓரிடத்தில் தளத்தில் "குடிநீர் உண்டு" என்று போட்டிருந்தது, போனால் குழாய்க்குப் பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தார்கள், பழுதாகி ஒரு வாரம் ஆச்சாம். அவர்தான் மூன்று மைல் தள்ளி இன்னொரு கேம்ப்கிரவுண்ட் குழாயைக் காட்டினார். அதிலிருந்து தண்ணீர் உண்டு என்று போட்டிருந்தாலும் காரில் ஐந்து காலன் எப்போதும் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14

ஆகஸ்ட் 9 காரர் திரும்பி வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். சுருக்கமாக: முதல் நாள் சாயங்காலம் தார்ப்பாய் பறந்து இரண்டு சைட் தள்ளி ஆர்.வி. கூரையில் உட்கார்ந்தது. அப்பா அதைக் கீழே இறக்கப் போய் அந்த ஆர்.வி.க்காரரோடு சிநேகமாகி, மறுநாள் அவர் படகில் மீன் பிடிக்கப் போய்விட்டார். ஞாயிறு ராத்திரி பெர்சீட் எரிகற்கள், நிலா அரை வட்டத்தை நெருங்கி இருந்தாலும் நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிட்டது. மரம் இல்லாததால் வானம் முழுக்கத் தெரிந்ததாம். சேடில்பேக் லேக்கைப் பகலில் பார்த்தார்கள், அம்மாவுக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுத்ததும் இறங்கிவிட்டார்கள்.

"நிழல் இல்லை என்று பயமுறுத்தினீர்களே, நிழல் இருந்திருந்தால் எரிகல் தெரிந்திருக்குமா?" என்று என்னைக் கேட்கிறார்.

ஆகஸ்ட் 15

தெரிந்திருக்காது. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே உட்கார்ந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே? காரில் ஏ.சி. போட்டு என்றுதான் நினைக்கிறேன்.

சண்டைக்குச் சொல்லவில்லை. ஒரே கேம்ப்கிரவுண்ட் பகலுக்கும் ராத்திரிக்கும் பொருந்தாது. பிள்ளைகள், பெரியவர்கள் என்றால் பகல்தான் நீளம், நிழல் பக்கம் சாய்வேன். நட்சத்திரத்துக்காகவே போகிறோம் என்றால் மொட்டை மேடுதான். அதற்கென்றே இன்யோவில் ஓர் இடம் இருக்கிறது, அதை வரும் வாரங்களில் எழுதுகிறேன்.

செப்டம்பர் 22

எழுதுகிறேன் என்று சொன்னது: கிராண்ட்வியூ. சியராவில் இல்லை, எதிர்ப்பக்கம் ஒயிட் மலையில். பிக் பைன் ஊரிலிருந்து 168இல் ஏற வேண்டும். 8,600 அடி சுமார், பின்யான் பைன், ஜூனிப்பர் மரங்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. குடிக்கவும் கழுவவும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, குழிக் கழிப்பறை உண்டு. டெலஸ்கோப் ஆட்கள் அமாவாசைக்கு அமாவாசை வந்து நிற்பார்கள். அங்கே ராத்திரி வெள்ளை டார்ச் அடித்தால் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள், சிவப்பு விளக்குத்தான். கார் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாதபடி முன்கூட்டியே அணைத்து வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் ஷுல்மன் தோப்பு, பிரிசில்கோன் பைன்கள். மெத்தூசலா என்று பெயர் வைத்த மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். எது அந்த மரம் என்று பலகை வைக்கவில்லை, யாராவது கிள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. அதனால் எல்லா மரத்தையும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர் என்று கணக்கு போடச் சொல்வார்கள். நம் சமையலுக்கும் சொம்புக்கும் சேர்த்து இரண்டு காலன் என்று போடுங்கள்.

செப்டம்பர் 23

இலை நிறம் மாறுவதைப் பார்க்க எங்கே டெண்ட் போடலாம் என்று கேட்டவருக்கு: பிஷப் கிரீக் மேற்பகுதி முதலில் மஞ்சளாகும், செப்டம்பர் கடைசியிலேயே. ஜூன் லேக் சுற்று அதற்குப் பிறகு, அக்டோபர் முதல் பாதியில். ஆனால் அக்டோபரில் பல கேம்ப்கிரவுண்டுகள் குழாயை மூடிவிடுவார்கள், சிலவற்றைப் பூட்டியே விடுவார்கள். தளத்தில் "பருவம் முடியும் தேதி" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஜூன் லேக் கேம்ப்கிரவுண்டில் அக்டோபர் 4, 5 இரண்டு இரவுக்கு நான் ஒரு சைட் வைத்திருந்தேன். மாமியார் முன்கூட்டியே வருகிறார், போக முடியாது. பெயர் மாற்றித் தர முடியாது, ரத்துதான் செய்ய வேண்டும், அது பொதுவில் போய்விழும். நாளை காலை ஏழு மணிக்கு ரத்து செய்கிறேன். கழிப்பறையிலிருந்து நாலு சைட் தள்ளி, வெளிப்புற வளையம், பின்னால் மஞ்சளாகிற ஆஸ்பன் மரங்கள். வேண்டுமென்கிறவர்கள் விரலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.